கரட்டுக்காட்டில் பூவ மரம் சிவக்கும் மாதம்

எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. காடு என்றதும் யானையையும் அருவியையும் எதிர்பார்த்து யாரும் கிளம்பி வந்துவிட வேண்டாம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், பாறையும் முள்ளுமாக ஒரு மேடு, அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அதைக் கரடு என்பார்கள். அதன் சரிவிலும் அடிவாரத்திலும் தேக்கு, வேங்கை, புங்கன், வெப்பாலை, இலவு, கொன்றை, பூவம் என்று மரங்கள். பூவரசு வேறு, பூவம் வேறு. இதைக் குழப்பிக்கொள்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். மயில்களுக்குக் குறைவில்லை. ஆசிரியர் குவார்ட்டர்ஸுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு கம்பிவேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து.

நான் வேதியியல் ஆசிரியை. மரம் செடிகளைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் குவார்ட்டர்ஸிலிருந்து வகுப்புக்குப் போகும் மண்பாதை காட்டின் ஓரமாகவே போகிறது. அதில் தினமும் காலையும் மாலையும் வருஷக்கணக்காக நடக்கிறவள் நான். அதனால் இந்தக் காட்டைப் பற்றி யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிற உரிமை எனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டைக்கு வந்தது வேறு யாருமில்லை, என் அம்மாதான்.

நான் பிறந்தது வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட்டில், வரிசையாகச் சேர்த்துக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். அந்த வரிசைக்கு லயம் என்று பெயர். அம்மா ஆயுசெல்லாம் அங்கே கொழுந்து கிள்ளினாள். அந்த மலையில் மரம் மொட்டையாக நிற்காது. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு வைத்த முள்முருங்கையை விட்டுவிடுங்கள், அது பூக்கிறபோது கொஞ்சம் இலையைக் கொட்டும். மற்றபடி சோலைக்காட்டு மரங்கள் பழைய இலையைக் கழிப்பதே கண்ணுக்குத் தெரியாது. கழிக்கிறபோதே புதியது வந்திருக்கும். ஒரு மரம் முழுசாக மொட்டையாகிவிட்டால் அது செத்துவிட்டது என்று அர்த்தம், யார் வீட்டு அடுப்புக்கு என்பதுதான் அடுத்த பேச்சு.

அதனால் வேலை கிடைத்து இங்கே வந்த முதல் வருஷம் நானும் மிரண்டுதான் போனேன். மார்கழி பிறந்ததும் வாளையாறு கணவாய் வழியாக ஒரு காற்று கிளம்பும். ஈரம் என்பதே இல்லாத வறட்டுக் காற்று. உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி பறந்து பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மேல் கிடக்கும். அது இரவும் பகலும் வீசி வீசி, தை முடிவதற்குள் காட்டின் பச்சையை எல்லாம் உறிஞ்சிவிடும். மாசியில் இலை கொட்டத் தொடங்கும். தேக்கிலை விழுகிற சத்தம் ஜன்னலை மூடினாலும் கேட்கும். பாதையில் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஐயோ, இந்த ஊர்க் காடு முடிந்தது என்று நினைத்தேன். பங்குனி வெயிலில், தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற அந்த வெயிலில், வானத்திலிருந்து ஒரு சொட்டு விழாமல், முதலில் புங்கனும் அடுத்துப் பூவமும் தளிர்த்தபோது நான் பாதையிலேயே நின்றுவிட்டேன். அன்றைக்கு முதல் பீரியட் வகுப்புக்கு நான் போய்ச் சேரும்போது பிள்ளைகள் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு இந்தக் காடு எனக்கு வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஆச்சரியத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டேன். சித்திரையில் கொன்றை மஞ்சளாகத் தொங்கும். வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை வந்ததும் தேக்கும் தழைத்து, காடு மூடிக்கொண்டு உள்ளே இருட்டாகிவிடும். ஐப்பசி மழைக்குப் பாறை இடுக்கெல்லாம் புல். பிறகு மறுபடி காற்று. அழகு என்று சொன்னால் போதாது. கெட்டிக்காரக் காடு இது.

அம்மாவுக்கு வேலை முடிந்தது போன வருஷம். எஸ்டேட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. வேலை இருக்கிறவரை லயத்தில் வீடு இருக்கும். ஓய்வு பெற்றால் அந்த வீட்டிலிருந்து வேறு யாராவது எஸ்டேட் வேலைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் சாவியை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். அப்பா போய்ப் பல காலம் ஆகிறது, நான் ஒரே பிள்ளை, நானோ இங்கே. வைகாசிவரை பொறுத்துக்கொள்கிறோம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகும் அம்மா மலையை விட்டு வருவதாக இல்லை. பக்கத்து வீட்டுக் கூட்டாளி தன் அடுக்களையில் ஒரு பாய் போட இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவே போதுமாம்.

போதாது என்பது எனக்குத் தெரியும். போன ஆடியில் மழையும் மூட்டமுமாக இருந்தபோது அம்மாவுக்கு மூச்சு இளைத்து, ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் இங்கிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்னொரு மழைக்காலத்தை அந்த ஈர வீட்டில் இந்த நெஞ்சு தாங்காது, கீழே கூட்டிப் போய்விடுங்கள் என்றார். தாங்காது என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் வரவில்லை.

கெஞ்சிக் கூத்தாடித் தை மாதம் அழைத்து வந்தேன். "பாத்துட்டுப் போறேன்" என்றுதான் வந்தாள். கையில் ஒரே ஒரு பை. லயத்து வீட்டுச் சாவி முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகியிருந்தது. வந்த அன்றைக்கே என் வராந்தா ரோஜாச் செடியின் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள்.

"உள்ள பச்சையே இல்ல. செத்து எத்தன நாளாச்சோ. இதுக்குப் போயித் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கியே, படிச்சவதான நீ?"

தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை குச்சியாக வெட்டிவிடுவார்கள். கவாத்து என்பார்கள். கவாத்துக்குப் பிறகு குச்சியில் உயிர் இருக்கிறதா என்று எஸ்டேட் பெண்கள் இப்படித்தான் சுரண்டிப் பார்ப்பார்கள். நான் வெட்கத்தோடு ரோஜாவைத் தூக்கி எறிந்தேன்.

பிறகு மாசி வந்தது. ஒருநாள் காலையில் அடுக்களையிலிருந்து ஒரு கூச்சல்.

"ஏட்டி! இங்க ஓடியா! இந்தக் காட்டுக்கு எவனோ மருந்தடிச்சுட்டான்!"

"யாரும் அடிக்கலம்மா. மாசி மாசம், எலை உதிருது."

"ஒரு மரம் உதிரும், ரெண்டு மரம் உதிரும். காடு மொத்தமுமா உதிரும்? களைக்கொல்லிதாம்ட்டி இது. எங்க பதினாலாம் நம்பர் காட்டுல இப்பிடித்தான் ஒருத்தன் டப்பாவ மாத்தி அடிச்சுட்டான். கொளுந்துச் செடி பூரா கருகிப்போச்சு. பேசாம இருக்காத, யாருகிட்டயாவது சொல்லு!"

நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நேரே கேட்டுக்குப் போய் வாட்ச்மேனைப் பிடித்தாள். அவர் பக்கத்து ஊர் விவசாயி, தென்னந்தோப்பு உள்ளவர். வீட்டில் சும்மா இருந்தால் சம்சாரம் வேலை வாங்கிவிடுவார் என்றுதான் வாட்ச்மேன் வேலைக்கு வருகிறார் என்று கல்லூரியில் எல்லாரும் அவரைக் கேலி செய்வோம்.

"ஏய்யா, காவல்தான பாக்க நீ? ஒன் கண்ணு முன்னால காட்டையே கொன்னு போட்டுருக்கானுவ. என்ன செஞ்சுக்கிட்டு இருந்த?"

அவர் பதறி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏனுங்கம்மா, மாசியில எலை கொட்டாம வேற எப்பங்க கொட்டும்? நம்ம கரடு வருசா வருசம் இப்புடித்தானுங்க. பங்குனி பொறக்கட்டும், தகதகன்னு தழைஞ்சு நிக்கும் பாருங்க" என்றார்.

"பங்குனியில மழை உண்டோ?"

"மழைங்களா? சித்திரையில ஒரு தூத்தல் போட்டா உண்டுங்க. மத்தபடி இடவப்பாதிக்குத்தானுங்க."

"அப்ப எத வச்சுய்யா பங்குனியில தழைக்கும்? ஒங்க தாத்தா வந்து தண்ணி ஊத்துவாரா?"

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் கணக்கில் மழை பெய்தால் கொழுந்து, வெயில் அடித்தால் கொழுந்து இல்லை. வேலையும் சாப்பாடும் அந்தக் கணக்கில்தான் ஆயுசு முழுக்க நடந்தது. மழையில்லாமல் இலை வரும் என்று சொன்ன வாட்ச்மேனையும் என்னையும் அவள் ஒரே தராசில் போட்டு, இரண்டும் லூசு என்று முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த சில நாள், நான் வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் அம்மா வேலிச் சந்து வழியாக நுழைந்து காட்டோரத்தில் ஒவ்வொரு மரமாக நின்று நின்று போவதைப் பார்த்தேன். கையை மரத்தில் வைத்துக்கொண்டு நிற்பாள். பேச ஆள் இல்லாமல் மரத்தோடு பேசுகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன். மலையில் என்றால் இந்நேரம் லயத்து வாசலில் உட்கார்ந்து நாலு பேர் குடும்பத்தை அலசிக்கொண்டிருப்பாள்.

ஒரு சாயங்காலம் சாயா குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அடுக்களை ஜன்னலுக்கு நேரா ஒரு மரம் நிக்குதுல்லா, அது என்ன மரம்?"

"பூவம்."

"ஒனக்கு நான் இங்கன இருக்கணும். எனக்கு மலைக்குப் போகணும். தினமும் சண்டை போட என்னால ஆகாது. அந்த மரம் விஷுவுக்குள்ள தழைக்கட்டும், நான் மறுபேச்சு இல்லாம ஒங்கூடவே இருந்துக்கிடுதேன். தழைக்கலேன்னா நீ அழக்கூடாது, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடக்கூடாது. என்னை வண்டி ஏத்தி விட்டுரணும். சம்மதமா?"

எனக்கு வந்த சிரிப்பை மறைக்க நான் டம்ளரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். விஷு என்றால் சித்திரை ஒன்று. பூவமோ பங்குனியில் தளிர்க்காமல் ஒரு வருஷமும் இருந்ததில்லை. இதைவிடச் சுலபமாக ஒரு வழக்கை யாரும் ஜெயித்திருக்க முடியாது.

"மாறிப் பேசக்கூடாதும்மா. சத்தியம் பண்ணு."

"எங்க எஸ்டேட் மாரியம்மன் மேல சத்தியம். நீயும் பண்ணு."

பண்ணினேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக வாட்ச்மேனிடம் போனேன். "அண்ணே, அம்மாகிட்ட இனிமே மரம் தழைக்குறதப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றேன். அவர் நம்பவைத்துவிட்டால் அம்மா பந்தயத்திலிருந்து நழுவிவிடுவாளே என்ற பயம் எனக்கு. அவர் தலையைச் சொறிந்தார்.

"சரிங்க டீச்சர். ஆனா அந்த மரத்தப் பத்தி நானொண்ணு..."

"எதுவும் வேண்டாம்ணே. நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்." மணி அடித்துவிட்டது, நான் ஓடினேன்.

அன்றிலிருந்து அம்மா அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். எங்கள் பக்கம் கோடையில் தண்ணீர் என்பது என்ன பாடு என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதுவும் நூல் மாதிரி. அம்மா அரிசி களைந்த தண்ணீர், துணி அலசின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் பக்கெட்டில் சேர்த்துவைத்து, சாயங்காலம் வேலிச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு காடே காய்ந்து நிற்க, ஒரே ஒரு மரத்தின் அடியில் பக்கெட் தண்ணீரைக் கவிழ்க்கும் கிழவியைப் பார்த்து மாணவர்கள் போனில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

"எம்மா, உனக்கே நல்லாருக்கா? அது தானாத் தழைக்கும்."

"தழைக்கணும்னுதான ஊத்துதேன்? ஒனக்கு நல்லதுக்குத்தான பாடுபடுதேன்? பேசாமப் போட்டி."



மாசிக் கடைசியில் இலவு பூத்தது. ஒரு இலை கிடையாது, கிளையெல்லாம் கைப்பிடி அளவுக்குச் சிவப்புப் பூ. விடிந்தால் மைனாவும் காக்கையும் அணிலுமாக அங்கே ஒரு சந்தை கூடும். அம்மா காலைச் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள்.

"வெக்கங்கெட்டவ. உடுத்தாம நகைய மட்டும் போட்டுக்கிட்டு நிக்கா பாரு."

திட்டினாளே தவிர, ஜன்னலை விட்டு நகரவில்லை. விழுந்த பூ ஒன்றைப் பொறுக்கி வந்து சாமி படத்துக்கு வைத்தாள்.

பங்குனி பிறந்தது. வெயில் சுட்டெரித்தது. ஊர் மாந்தோப்புகளில் காய் பறித்து லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏட்டி, எந்திரி. வந்து பாரு. அந்தப் புங்கன் நேத்து சாயங்காலம் இப்பிடி இல்ல."

இல்லைதான். மொட்டைக் கிளையெல்லாம் எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும் இளம்பச்சை. அம்மா கிட்டே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து அடியிலிருந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். புழுதி. கையை உதறினாள். மறுபடி அண்ணாந்தாள். எங்கிருந்து, எங்கிருந்து என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த மரத்தைச் சுற்றி வந்தாள். அந்தக் கேள்வியைத்தான் நானும் வருஷா வருஷம் கேட்கிறேன். வேர் ஆழத்தில் எதையோ சேர்த்து வைத்திருக்கும் என்று புத்தகத்தில் படித்தால் விளங்கிவிடுகிறது. மரத்துக்கு எதிரே நின்றால் மறுபடி ஆச்சரியம் வந்துவிடுகிறது.

சில நாள் கழித்துப் பூவங்கள் சிவந்தன. பூவத்தின் தளிர் பச்சையில் தொடங்காது. பால் விடாத கட்டன் சாயாவை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஒரு சிவப்பு தெரியுமே, அந்த நிறம். சரிவு முழுக்க அங்கங்கே அந்த மரங்கள் மட்டும் தீப்பற்றியதுபோல் நிற்க, சாயங்கால வெயில் அவற்றின் வழியாக வந்து எங்கள் அடுக்களைச் சுவரையும் சிவப்பாக்கிவிட்டது. நானும் அம்மாவும் வேலிக்கு அந்தப்பக்கம் போனோம். இடுப்பளவு உயரத்தில் ஒரு பூவங்கன்று, நுனியெல்லாம் தளிர். அம்மா பேசிக்கொண்டே அதைத் தாண்டினாள். தாண்டுவதற்குள் அவள் இரண்டு கையும் தானாக நீண்டு, டக் டக்கென்று இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளி, இல்லாத முதுகுக் கூடையில் போடத் தோளுக்கு மேல் எறிந்துவிட்டன. இலைகள் என் முகத்தில் வந்து விழுந்தன.

"என்னம்மா பண்ற?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அப்புறம் அப்படிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மூச்சு இளைக்கவும் இல்லை. "கொளுந்துட்டி! மழையில்லாத கொளுந்து! எங்க கங்காணி பாத்தான்னா மயக்கம் போட்டு விழுந்துருவான்" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஜன்னலுக்கு நேராக நின்ற பூவம் சிவக்கவில்லை.

இன்று வரும், நாளை வரும் என்றிருந்தேன். மற்றப் பூவங்களின் சிவப்பு மங்கிப் பச்சையாகிக்கொண்டிருந்தது. இது மட்டும் குச்சி குச்சியாக நின்றது. அம்மா ஊற்றிய தண்ணீர் அதன் அடியில் தேங்கி, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளித்துவிட்டுப் போயின. அம்மா பார்க்காதபோது நானும் ஒரு பக்கெட் கொண்டுபோய் ஊற்றினேன், நல்ல தண்ணீர், குடிக்கிற தண்ணீர். "சனியனே, இத்தன வருஷம் தழைச்சியே, இந்த ஒரு வருஷம் உனக்கு என்ன வந்துச்சு?" என்று வாய்விட்டே திட்டினேன். வாட்ச்மேனிடம் கேட்டால் அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "பாத்துக்கலாங்க டீச்சர்" என்றார்.

அம்மா மட்டும் பதறவில்லை. தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு, காட்டுக்குள் கொஞ்சதூரம் நடந்துவிட்டு வருவாள். எந்த மரத்தில் புதிதாக என்ன வந்தது என்று ராத்திரிச் சாப்பாட்டில் செய்தி வாசிப்பாள். வெப்பாலையில் வெள்ளைப் பூ. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிறது. கொன்றை மொட்டு விட்டாயிற்று. கொன்றை மொட்டு என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொன்றை விரிந்தால் விஷு வந்துவிட்டது என்று அர்த்தம்.

விஷுவுக்கு முந்தின நாள். விடிந்ததும் முதலில் பார்க்கிற கனித்தட்டில் வைக்கக் கொன்றைப்பூ பறிக்க ஊரே எங்கள் கரட்டுக்கு வந்திருந்தது. வாட்ச்மேன் எங்களுக்கென்று ஒரு கொத்து கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மாவின் பை கட்டி வாசலில் இருந்தது. முந்தானை நுனியில் சாவி முடிச்சு. அழக்கூடாது என்று சத்தியம் பண்ணியிருக்கிறேனே. நேரே வேலியைத் தாண்டி அந்த மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். இடவப்பாதிக்கு இன்னும் கொஞ்சநாள்தான். மலையில் அந்தக் கூட்டாளியின் அடுக்களை ஈரத்தில் பாய் போட்டுப் படுத்த அம்மா, மூக்கில் குழாய், வராந்தாவில் டாக்டர். என்னால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. சத்தியத்தை மீறி அழுதேன்.

பின்னால் சருகு நொறுங்கியது. அம்மா பக்கெட்டோடு வந்து நின்றாள். பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு மரத்தின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினாள். உள்ளே காய்ந்த பழுப்பு. இன்னும் மேலே சுரண்டினாள். பழுப்பு.

"பாத்தியா. இது செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுட்டி."

"என்னம்மா சொல்ற?"

"இந்த ஓரத்துல நிக்க மரத்த எல்லாம் நான் மாசியிலேயே சுரண்டிப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் பச்சை இருந்துச்சு. இது ஒண்ணுலதான் இல்ல. அதாம் இதக் காட்டி ஒங்கிட்ட பந்தயம் கட்டுனேன். சும்மா போறேன்னு சொன்னா நீ விடமாட்ட. மரம் தழைக்கலேன்னா வாயடைச்சுப் போவல்லா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "அப்போ தினமும் தண்ணி சுமந்தது? எல்லாம் நாடகமா? அந்த வாட்ச்மேனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு மொதல்லயே தெரியும். போன வருசமே இது தழைக்கலையாம். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். அவரு, ‘நல்லாயிருக்குதுங்க, உங்க புள்ளையும் வந்து வாயத் தொறக்காதன்னு சொல்லிப்போட்டுப் போகுது, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிட்டு முழிக்கறனுங்க’ன்னு பொலம்புனாரு."

போன வருஷமே தழைக்கவில்லை! இந்தக் காட்டைத் தினமும் பார்க்கிறவள் நான் என்று எத்தனை பேரிடம் ஜம்பமடித்திருப்பேன். வீட்டு ஜன்னலுக்கு நேராக நிற்கும் மரம் ஒரு பங்குனி முழுக்கச் சிவக்காமல் நின்றது என் கண்ணில் படவே இல்லை. காடு சிவந்தது, நான் சந்தோஷப்பட்டேன், அதோடு சரி.

"சரி, கெலிச்சாச்சுல்ல? பையும் கட்டியாச்சு. அப்புறம் ஏன் இதை எங்கிட்ட சொல்ற? பேசாமப் போக வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பல நாள் முடிச்சு, சுலபத்தில் அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்துச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். "விஷு கழியட்டும். போயி இத ஆபீஸ்ல குடுத்துட்டு, என் கோழியள மறக்காமப் பிடிச்சுட்டு வந்துருவோம்" என்றாள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டுபோய், முன்பு தான் கிள்ளிப்போட்ட பூவங்கன்றின் அடியில் ஊற்றினாள். கிள்ளிய இடத்தில் புதிதாக இரண்டு கிளை பிரிந்து தளிர் விட்டிருந்தது. காலிப் பக்கெட்டோடு நிமிர்ந்து, புங்கனையும் இலவையும் மஞ்சளாகத் தொங்கும் கொன்றையையும் மேலே சரிவு வரைக்கும் ஒருமுறை பார்த்தாள்.

"இத்தனையும் ஒரு சொட்டு மழையில்லாம தழைச்சு நிக்குது. எனக்கு மட்டும் என்னட்டி கேடு?"